பாட்டா, வீணையா? தனம்மாள் காட்டிய வழி



சித்திரை மாதக் கலை நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தைத் தயாரித்தவன் நான்தான். வங்கியில் குமாஸ்தாவாக இருந்த பழக்கம், ஓய்வு பெற்ற பின்னும் விடவில்லை. பெயர், வீட்டு எண், வயது, அதற்குக் கீழே ‘பாட்டு’, ‘வாத்தியம்’, ‘நடனம்’, ‘மற்றவை’ என்று நான்கு கட்டங்கள். ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் செய்யவும் என்று அடியில் ஒரு குறிப்பும் போட்டிருந்தேன்.

நம் குடியிருப்பில் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், பாட்டு, வாத்தியம் என்ற இரண்டு கட்டங்களிலும் டிக் செய்து கொடுத்திருந்தாள். வீணை வாசித்துக்கொண்டே பாடப் போகிறாளாம். படிவம் சரியில்லை, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடும்மா என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பாடுகிறவர் பாட வேண்டும், வாசிக்கிறவர் வாசிக்க வேண்டும், இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் அரைகுறை ஆகும் என்று ஒரு கட்சி. கடற்கரைச் சாலையில் பிள்ளைகள் கிதார் மீட்டிக்கொண்டே பாடுகிறார்கள், அதை நின்று கேட்கிறோம், வீணைக்கு மட்டும் என்ன தடை என்று இன்னொரு கட்சி. இரவு பதினொரு மணி வரை ஓடியது.

அன்று தூக்கம் வராமல் யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் வீணை தனம்மாள். நம்மில் பலருக்குப் பெயர் தெரியும், வாழ்க்கை தெரியாது. அதைச் சொன்னால் நம் வாதத்துக்கும் ஒரு தெளிவு கிடைக்கும் என்று தோன்றியது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முன் நம் ஊர்க் கதை ஒன்று. காரைக்காலுக்கு அருகிலேயே திருத்தருமபுரம் என்ற தலம் இருக்கிறது. மயிலாடுதுறையில் ஆதீனம் இருக்கிறதே, அந்தத் தருமபுரம் வேறு. இது நம் புதுச்சேரி மாநிலத்துக்குள் இருப்பது. அங்குள்ள சிவனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். திருஞானசம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் அதை வாசித்து வருவார். தருமபுரத்தில் பாணரின் உறவினர்கள், இவர் யாழில் வாசிப்பதால்தான் அந்தப் பாட்டுக்கே பெருமை என்று பேசினார்கள். பாணருக்கு மனம் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். அவரும் பாடினார். பாணரின் விரல்களால் தொடர முடியவில்லை. யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, கருவியில் எவ்வளவு வருமோ அவ்வளவு வாசித்தால் போதும் என்று ஆறுதல் கூறினார்.

ஆக, குரலுக்கும் கருவிக்கும் உள்ள இந்த வழக்கு நேற்று நம் வாட்ஸ்அப்பில் தொடங்கியது அல்ல. தருமபுரத்தில் பாடியவர் ஒருவர், வாசித்தவர் ஒருவர். ஒருவரே இரண்டையும் செய்தால்? அதற்குத்தான் தனம்மாள்.

தனம்மாள் 1867-ல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். தாய்வழியாக இசையும் நடனமும் தொழிலாக வந்த குடும்பம். அதன் வேர் தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தது. பாட்டி காமாட்சி நடனத்தில் பேர் பெற்றவர். தாய் சுந்தரம்மாள் பாடகி. சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாடம் கேட்டவர். இந்தக் குலத்துப் பெண்களைப் பின்னாளில் தேவதாசி என்ற ஒரே சொல்லில் அடக்கி ஒதுக்கிவிட்டோம். ஆனால் மும்மூர்த்திகளின் பாடல்களையும் க்ஷேத்ரக்ஞரின் பதங்களையும் சிதையாமல் காத்து நம் கையில் கொடுத்தவர்களில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

தனம்மாள் வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் கற்கவில்லை. தீட்சிதர் கீர்த்தனைகளை சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் கற்றார். அவர் தீட்சிதரின் சீடர் வழியில் வந்தவர். பதங்களை வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸ் என்பவரிடம் கற்றார். பால்தாஸ் நாயுடு என்றும் அவரைச் சொல்வார்கள். அவருக்குக் கண் தெரியாது. பிற்காலத்தில் தனம்மாளுக்கும் பார்வை போனது என்பதை நினைக்கும்போது, இந்தக் குருவும் சிஷ்யையும் எதிரெதிரே உட்கார்ந்து காதால் மட்டுமே பாடத்தைக் கொடுத்து வாங்கிய காட்சி என் மனதை விட்டு அகலவில்லை.

தர்மபுரி சுப்பராயர் என்ற ஜாவளி ஆசிரியர் தனம்மாளின் நண்பர். அவருடைய ஜாவளிகள் இன்று மேடையில் ஒலிப்பதற்குத் தனம்மாளின் குடும்பம் ஒரு முக்கியக் காரணம்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். தனம்மாள் வீணை வாசித்தார், கூடவே பாடினார். பாட்டு ஒரு புறம், வாத்தியம் ஒரு புறம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. அது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, வீணையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீணையில் 24 மெட்டுகள். வாசிப்பதற்கு நான்கு தந்திகள், சுருதிக்கும் தாளத்துக்கும் பக்கவாட்டில் மூன்று தந்திகள். ஏறக்குறைய மூன்றரை ஸ்தாயி வரை அதில் போகலாம். மனிதக் குரல் எல்லோருக்கும் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் வீணைக்கு ஒரு குறை உண்டு. தந்தியை மீட்டினால் ஒலி எழும்பி மெல்லத் தேய்ந்துவிடும். ஒரு ஸ்வரத்தை மூச்சு உள்ளவரை நீட்டிப் பிடிக்கக் குரலால் முடியும், தந்தியால் முடியாது. இன்னொன்று, வீணைக்குச் சொல் கிடையாது. ஒரு பதத்தில் நாயகி கோபித்துக்கொள்கிறாளா, கெஞ்சுகிறாளா என்பது சொல்லில் அல்லவா இருக்கிறது?

பாடிக்கொண்டே வாசிப்பதன் கணக்கு இங்கேதான் நேராகிறது. தந்தி தேயும் இடத்தில் குரல் தாங்குகிறது. குரல் எட்டாத இடத்தில் தந்தி போய்த் தொடுகிறது. சொல் வேண்டிய இடத்தில் வாய் திறக்கிறது. சொல் போதும் என்ற இடத்தில் விரல் மட்டும் பேசுகிறது. வணிகவியல் படித்தவன் பாஷையில் சொன்னால், ஒரு கணக்கின் பற்று இன்னொரு கணக்கின் வரவாகிறது. இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும், அவ்வளவுதான்.

சமமாக வருவது சுலபம் இல்லை. வீணைக்கு உகந்த சுருதியும் பெண் குரலுக்கு உகந்த சுருதியும் பல சமயம் ஒன்றாக இராது. வீணைக்கு ஏற்ற சுருதியில் பாடினால் குரல் தாழ்ந்துதான் ஒலிக்கும். உரக்கப் பாடினால் வீணை காணாமல் போகும். வீணையை ஓங்கி மீட்டினால் நயம் போகும். தனம்மாள் தேர்ந்தெடுத்தது தாழ்ந்த குரல், மென்மையான மீட்டு. விரலில் மாட்டும் கம்பி முனைகூட இல்லாமல் வெறும் விரலால் மீட்டியவர் அவர் என்று சொல்வார்கள். பெரும்பாலும் மிருதங்கமும் வைத்துக்கொள்ள மாட்டார். மெல்லிய இரண்டு ஒலிகள் ஒன்றின் மேல் ஒன்று படியும்போது நடுவில் தட்டும் ஓசை எதற்கு?

அப்படியானால் இந்த இசையைக் கேட்க எவ்வளவு பெரிய இடம் வேண்டும்? பெரிய இடமே கூடாது. ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் அவருடைய வீடு இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே அவர் வாசிப்பார். சங்கீதம் தெரிந்தவர்கள், வித்வான்கள், ஊரில் பெரிய மனிதர்கள் எல்லோரும் அந்த அறையில் வந்து உட்காருவார்கள். பேச்சு கூடாது. வெள்ளிக்கிழமைக் கச்சேரி என்றாலே சென்னையின் ரசிகர்களுக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வரும் என்ற அளவுக்கு அது பெயர் பெற்றது. ஒரு பெண்மணி தன் வீட்டுக் கூடத்தில் வாசித்ததைக் கேட்க, மேடைகளில் கொடிகட்டிப் பறந்தவர்களே வந்து தரையில் உட்கார்ந்தார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் என் கணக்கு பொய்யாகிவிடும்.

அவர் வாழ்ந்த காலத்தில்தான் கச்சேரி என்பதே வீட்டுக் கூடத்தையும் கோயில் மண்டபத்தையும் விட்டு, டிக்கெட் வாங்கும் சபாவுக்கு நகர்ந்தது. சென்னை மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. பிறகு ஒலிபெருக்கி வந்தது. சென்னையில் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. கணீர்க் குரலுக்கும் விறுவிறுப்பான பக்கவாத்தியத்துக்கும் கிடைத்த கைதட்டல், தாழ்ந்த குரலுக்கும் வெறும் விரலுக்கும் எப்படிக் கிடைக்கும்? பதம் என்பதே மெல்ல நகரும் பாட்டு. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிடித்து, ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பாவத்தைக் காட்ட வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

தனம்மாள் அந்தக் கூட்டத்துக்காகத் தன் சங்கீதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெரிய குடும்பம், நான்கு பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள். அவருடைய புகழுக்கு ஏற்ற செல்வம் அந்த வீட்டில் சேரவில்லை. கடைசிக் காலம் வசதியான காலம் அல்ல. கண் பார்வையும் மெல்ல மெல்லப் போய்விட்டது. ஆனால் வீணை வாசிக்கக் கண் தேவைப்படவில்லை. 24 மெட்டுகளும் விரலுக்குத் தெரிந்த இடங்கள். 1930-களில் கொலம்பியா நிறுவனம் அவருடைய வாசிப்பைச் சில இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். மணிக்கணக்கில் விரியும் வெள்ளிக்கிழமை மாலையை மூன்று நிமிடத்தில் அடைப்பது, காவிரியைச் செம்பில் பிடிப்பது போலத்தான். இருந்தாலும் அந்தச் செம்புத் தண்ணீராவது நமக்குக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டும்.

1938 அக்டோபர் 15-ல் தனம்மாள் காலமானார். சென்னை வானொலி தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

கதை அங்கே முடியவில்லை. அவரிடம் கற்ற ஆர். ரங்கராமானுஜ ஐயங்கார் கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்திப் பெரிய தொகுப்புகளாக அச்சிட்டார். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பதங்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் போல விளங்கினார்கள். பெரிய பெரிய பாடகர்கள் அவர்களிடம் போய்ப் பதம் பாடம் கேட்டார்கள். பிருந்தாவுக்கு 1976-ல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அவரும் பாட்டோடு வீணையும் வாசிக்கத் தெரிந்தவர்.

இன்னொரு பேத்தி பாலசரஸ்வதியின் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1918-ல் பிறந்தவர். பரதநாட்டியத்தில் அவருக்கு மேல் ஒருவரைச் சொல்வது கடினம். பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் உரிய சங்கீத கலாநிதி விருதை 1973-ல் மியூசிக் அகாடமி அவருக்குக் கொடுத்தது. ஏன் தெரியுமா? அவர் பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது தானே பாடிக்கொண்டே ஆடுவார். சங்கீதமும் நாட்டியமும் அவரிடம் ஒன்றுதான். பாட்டி வீணையோடு குரலைச் சேர்த்தார், பேத்தி அபிநயத்தோடு குரலைச் சேர்த்தார்.

பாலசரஸ்வதியின் தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழல் வித்வான். குழலை ஊதிக்கொண்டே பாட முடியாது, வாய் ஒன்றுதானே? அவர் என்ன செய்தார் என்றால், கச்சேரியில் குழல் வாசிப்பார், நடுவில் குழலை இறக்கிவிட்டுப் பாடுவார், மறுபடி குழலை எடுப்பார். சாகித்தியம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்த அவர், அங்குள்ள மாணவர்களுக்கும் இந்தப் பழக்கத்தைக் காட்டிக் கொடுத்தார். ஜார்ஜ் டவுன் கூடத்தில் தொடங்கியது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

நம் கிராமத்துப் பக்கம் பார்த்தாலும் இது புதிதல்ல. வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோலால் வில்லைத் தட்டிக்கொண்டேதான் கதை பாடுகிறார். உடுக்கை அடிப்பவர் அடித்துக்கொண்டேதான் பாடுகிறார். தேவாரம் பாடும் ஓதுவார் கையில் தாளம் இருக்கிறது. இந்துஸ்தானிப் பாடகர்கள் ஸ்வரமண்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பாட்டு ஒரு கட்டம், வாத்தியம் ஒரு கட்டம் என்று பிரித்தது சபாக்களும் பரீட்சைகளும் என்னைப் போன்ற படிவம் தயாரிப்பவர்களும்தான் போலிருக்கிறது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் ஒரு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடலாமா என்று எதிர்க்கட்சி நண்பர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அலங்காரத்துக்காக வாத்தியத்தை வைத்துக்கொண்டு, குரல் போகும் வழியிலேயே விரலும் நொண்டிக்கொண்டு வந்தால் அதில் லாபம் இல்லை. அப்போது இரண்டும் அரைகுறை என்று நீங்கள் சொல்வது சரி. தனம்மாள் குழந்தைப் பருவம் முதல் பாட்டையும் வீணையையும் சேர்த்தே கற்றவர். வாத்தியம் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு குறைந்துபோகும், பாட்டு இல்லாவிட்டால் அந்த வாத்தியம் குறைந்துபோகும் என்ற நிலை வந்தால்தான் இரண்டையும் செய்ய வேண்டும். அதைத் தீர்மானிக்க வேண்டியது கேட்கும் காது. என் படிவம் அல்ல.

தனம்மாளின் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். பாடுகிறவர் வாசிக்கவும் செய்யலாமா என்று நாம் பாடுகிறவரைத்தான் கேட்கிறோம். பாதிக் கேள்வி நம்மைப் பார்த்துக் கேட்கப்பட வேண்டியது. குரலைத் தாழ்த்தி, விரலை மென்மையாக்கி ஒருவர் வாசித்தால், அதைக் கேட்க நாம் கிட்டே போய் உட்காரத் தயாரா? பேசாமல் இருக்கத் தயாரா? வெள்ளிக்கிழமைக் கச்சேரியில் பாதி தனம்மாளுடையது. மறுபாதி அந்த அறையில் வாய் மூடி உட்கார்ந்தவர்களுடையது. அந்த மறுபாதி போன பின் அவருக்குக் கூட்டமும் இல்லை, பணமும் இல்லை.

நம் நிகழ்ச்சிகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கார் நிறுத்தும் இடத்தில் பந்தல். இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். பாட்டு ஒரு பக்கம், போண்டா வரிசை ஒரு பக்கம். அங்கே அந்தப் பெண் பாடிக்கொண்டே வீணை வாசித்தால் இரண்டும் கேட்காது. மறுநாள், நாங்கள் அப்போதே சொன்னோமே என்று பேசுவோம். தோற்றது அவள் ஆகிவிடுவாள். உண்மையில் தோற்றது நாமாக இருப்போம்.

ஆகவே செயற்குழுவிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அந்தப் பெண்ணின் நிகழ்ச்சி மட்டும் பந்தலில் நடக்காது. அதே நாள் மாலை ஐந்து மணிக்கு, மற்ற நிகழ்ச்சிகளுக்கு முன்னால், நம் சங்க அலுவலக ஹாலில் நடக்கும். ஜமக்காளம் விரித்திருப்போம். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுவர் ஓரமாக நாற்காலி உண்டு. மைக் கிடையாது. மின்விசிறி சத்தம் போடுகிறது என்பதால் அந்த அரை மணி நேரம் அதையும் நிறுத்திவிடலாம் என்று அவள் கேட்டிருக்கிறாள். சித்திரை வெயிலில் கொஞ்சம் வியர்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேருக்கு மேல் அந்த ஹாலில் உட்கார முடியாது. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் மிகவும் நல்லது.

அவள் நன்றாக வாசிப்பாளா என்று எனக்குத் தெரியாது. தப்பு வரலாம். குரல் ஒரு பக்கம் போய், விரல் ஒரு பக்கம் போகலாம். பதினாறு வயதுப் பிள்ளைதானே. ஆனால் நாம் கேட்காமலேயே அது சரிவராது என்று முடிவு கட்டக் கூடாது.

படிவத்தையும் திருத்திவிட்டேன். ‘ஏதேனும் ஒன்றில் மட்டும்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். அவளிடம் புதுப் படிவம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பழைய படிவத்தையே நீட்டினாள். இரண்டு டிக்கும் அப்படியே இருந்தன. அவள் எதையும் அடிக்கவே இல்லை. வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

மாலை ஐந்து மணிக்குச் சங்க ஹாலில் சந்திப்போம். சற்று முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுங்கள்.